எல்கா குளிப்பாட்டிய கிடாய்

எல்கா ஊரைவிட்டுக் கிளம்பியது எண்பத்தேழாம் வருசம், மாசி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை நல்ல பயணம் எதுவும் கிளம்பாது, ஒரு நாள் தள்ளிப் போகலாம் என்று முத்துத்தாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தன் நாட்டு விமானத்துக்குக் கிழமை பார்க்கத் தெரியாது என்று எல்கா சொல்லிவிட்டாள்.

பரளச்சிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், ஒற்றை வேப்பமரம்தான் அந்த ஊருக்குப் பஸ் நிறுத்தம். அருப்புக்கோட்டை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றதும், வழியனுப்ப வந்த பெண்கள் எல்லோரையும் எல்கா வரிசையாகக் கும்பிட்டாள். முத்துத்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அதற்குப் பிறகு அந்தப் புழுதியிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து, கறுப்புக் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். கிடாய் அவளுடைய தோள்பையின் வாரைத் தின்றுகொண்டிருந்தது.

கண்டக்டர் பொறுமை இழந்து எட்டிப் பார்த்தார். "யம்மா, கெடா வருதா வரலையா? வந்தா லக்கேஜ் டிக்கெட்டு போடணும்."

"அவன் வரவில்லை ஐயா. அவன் இங்கேயே நெடுநாள் வாழ்வான்," என்றாள் எல்கா. அவள் தமிழைப் புத்தகத்தில் படித்தவள். பேச்சும் அச்சடித்த மாதிரியே வரும்.

நெடுநாள் என்றதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முத்துத்தாய், இவனை நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா? எனக்கு வாக்குக் கொடுங்கள்."

"பாத்துக்கிறேன்," என்றாள் முத்துத்தாய். "நீங்க பத்திரமாப் போய்ச் சேருங்க."

எல்கா ஒரு தாளை அவள் கையில் திணித்தாள். மேலே அவள் ஊர் முகவரி. கீழே கிடாய்க்குச் செய்ய வேண்டியவை: ஞாயிறுதோறும் குளியல், அளவாகக் கடலைப் புண்ணாக்கு, கயிற்றில் கட்டக் கூடாது, தினமும் பேச வேண்டும். பஸ் திரும்பி மறையும் வரை ஜன்னலில் ஒரு வெள்ளைக் கை ஆடிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் நின்ற ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துத்தாயின் நாத்தனார் அவள்; அடுத்த வீட்டுக்காரி; ஊரிலேயே வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"வாக்கு குடுத்துட்டீக மதினி. சரி. கெடா வெட்டுக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு?"

"இருவத்திரெண்டு."

"அதுவரைக்கும் பாத்துக்கிட்டாப் போதுமா? இல்ல, கொழம்புல கொதிக்கயிலயும் பாத்துக்கணுமா?"

முத்துத்தாய் கிடாயின் வாயிலிருந்த அறுந்த வாரைப் பிடுங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

முத்துத்தாய் மல்லாங்கிணற்றுப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். நாலு ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் மல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்க்கை. ஆனால் ஒரு விஷயத்தில் ஊருக்கே அவளைத் தெரியும். நாளைக்குத் தருகிறேன் என்று அவள் சொன்னால் நாளைக்கு வந்துவிடும். வருகிறேன் என்றால், அடைமழையிலும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பாள். அவள் வாக்குக் கொடுத்துத் தவறியதாக அவள் மாமியார்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் விடுகிற மாமியாரும் இல்லை அது.

அப்படிப்பட்டவள் இப்போது ஒரே கிடாய்க்கு இரண்டு பேரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் வாக்கு கருப்பசாமிக்கு. இரண்டு வருசத்துக்கு முன்னால், மல்லிக் காட்டில் களையெடுக்கும்போது அவள் புருசன் மாரிக்கண்ணனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒரே பாட்டாகச் சொல்லிக்கொண்டு போனாள்: "கருப்பா, இவுகளக் காப்பாத்திக் குடு. ஏங் கையால வளத்த கெடா ஒண்ணு ஒனக்குத் தாரேன்." மாரிக்கண்ணன் பிழைத்துக்கொண்டான். கணுக்காலில் ஒரு தழும்பும், எந்தக் கூட்டத்திலும் அந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிற வழக்கமும்தான் மிச்சம். அந்தப் பாம்பு வருசத்துக்கு அரை முழம் வளர்ந்துகொண்டிருந்தது.

பொட்டு வெள்ளை இல்லாத குட்டியாகத் தேடிப் பிடித்து அவள் வாங்கி வந்த அதே மாதம்தான் எல்காவும் வந்து சேர்ந்தாள். டென்மார்க்குக்காரி. இந்தப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிப் படித்து எழுத வந்தவள். முத்துத்தாய் வீட்டு மச்சு அறையைப் பதினாலு மாதத்துக்கு எடுத்துக்கொண்டாள். வந்த மறுநாளே முற்றத்தில் குட்டியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கண்மாய் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

"இவன் பெயர் என்ன?"

"பேரெல்லாம் கெடையாது. சாமி கெடா."

சாமி என்றால் கடவுள் என்று புத்தகத்தில் இருந்தது. ஒரு ஆட்டைக் கடவுளாக நடத்துகிறார்கள் என்று எல்கா நெகிழ்ந்துபோனாள். அவள் கண்ணால் பார்த்ததும் அப்படித்தான் இருந்தது. அந்தக் குட்டி யார் காட்டில் மேய்ந்தாலும் யாரும் அடிப்பதில்லை. கடைவாசலில் நின்றால் கடைக்காரர் ஒரு வாழைப்பழம் போடுகிறார். கல்யாண வீட்டுக்குள் புகுந்து தோரணத்தைத் தின்றால்கூட, "சாமி கெடா, விடுங்கப்பா" என்கிறார்கள். எங்கள் நாட்டில் நாய்க்குக்கூட இந்த உரிமை இல்லை என்று அவள் தன் அம்மாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாள். பிறகு தன் பங்குக்குக் குட்டிக்கு ஓலாஃப் என்று தாத்தாவின் பெயரை வைத்தாள். ஒரு வாரத்தில் ஊர் அதை ஓலப்பன் ஆக்கிவிட்டது. முத்துத்தாய் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். வெட்டப்போகிற உருப்படிக்குப் பெயர் வைத்தால் பிறகு கை நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நாய் விஷயத்தில்தான் எல்காவுக்கும் ஊருக்கும் ஒத்துவரவில்லை.

"அந்த நாய் யாருடையது?"

"அது தெரு நாயி."

"அதற்கு யார் பொறுப்பு?"

"அதுக்கு அதே பொறுப்பு," என்றாள் ஈஸ்வரி. "நம்மளவிட நல்லாப் பாத்துக்கிரும்."

மத்தியானம் சாப்பிடும் முன் முத்துத்தாய் கூரையில் காக்கைக்குச் சோறு வைப்பாள். ஒற்றைக் காலை நொண்டுகிற காக்கை ஒன்று தினமும் வரும். "இது உங்கள் வளர்ப்புப் பறவையா?" என்று எல்கா ஆசையாகக் கேட்டாள்.

"ச்சே, ச்சே. அவுக எங்க மாமனாரு."

எல்கா குறிப்பேட்டை எடுத்து வெகுநேரம் எழுதினாள்.

இன்னொரு நாள் அவள் தன் வீட்டுப் பூனையின் படத்தைக் காட்டினாள். மெத்தையில் பஞ்சுப் பொதி மாதிரிக் கிடந்தது. அதற்குத் தனிக் கட்டில், தனி டாக்டர், டப்பாவில் மீன்.

"எலி புடிக்குமா?" என்றாள் ஈஸ்வரி.

"இல்லை. அது வீட்டைவிட்டு வெளியே சென்றதே இல்லை."

"குட்டி போட்டுருக்கா?"

அறுவை செய்துவிட்டோம், குட்டி போடாது என்று எல்கா விளக்கினாள். ஈஸ்வரி படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பாத்தீகளா மதினி. வயித்தக் கிழிச்சு, வாசலப் பூட்டி, மெத்தையில படுக்கப் போட்டு அதுக்குப் பேரு பாசமாம். நம்ம தெரு நாயிக்கு நாலு ஊருல சொந்தபந்தம் இருக்கு, அதப் பாத்து இவுக அழுகுறாக." கொஞ்சம் யோசித்துவிட்டு எல்காவிடமே கேட்டாள்: "ஒங்க ஊருல கறி திம்பீகளா?"

"ஆம். கடையில் உறையிட்டு விற்பார்கள்."

"அந்த ஆட்டுக்குப் பேரு என்ன?"

எல்கா பூனைப் படத்தை எடுத்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தாள். முத்துத்தாய்தான் நாத்தனாரை ஒரு இடி இடித்து அடக்கினாள்.

கிடாய் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காமல் இல்லை. மூன்று தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் எல்கா அதன் தாடியைச் சீப்பால் வாரிக்கொண்டிருப்பாள். முத்துத்தாய் அப்படியே திரும்பி வந்துவிடுவாள். இவள் போன பிறகுதானே வெட்டு, தெரியாமலே போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் குளியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டுப் பம்புசெட்டுத் தொட்டியில் நடக்கும். முத்துத்தாய் தண்ணீர் மொண்டு தருவாள். எல்கா அருப்புக்கோட்டையில் வாங்கிய ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பாள். முதல் தடவை தண்ணீர் பட்டதும் குட்டி உடம்பை ஒரு உதறு உதறியது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். எல்காவுக்கு அது பிடிக்கவில்லை. குட்டியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றால் ஒரு துண்டு வாழைப்பழம், அசைந்தால் கிடையாது என்று பழக்கினாள். நுரை போட்டு, காதுக்குள் தண்ணீர் விட்டுத் துணியால் துடைத்து, எல்லாம் முடிந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு, கையை ஒரு தட்டுத் தட்டி, "ஹோப்லா!" என்பாள். அப்போதுதான் அது உதற வேண்டும். கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு. வெயிலில் வைரத்தூளாகத் தெறிக்கும். அதற்கு இன்னொரு துண்டுப் பழம். ஆறே மாதத்தில், குடம் குடமாகக் கொட்டினாலும் ஓலப்பன் கண்ணை மூடிக்கொண்டு, தவசி மாதிரி நிற்கப் பழகிவிட்டது.

அந்த ஆட்டத்துக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள்கூட வந்ததில்லை. அந்தச் சொல் முத்துத்தாய்க்குத்தான் தெரியும். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எல்கா போன பிறகும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளே குளிப்பாட்டினாள். வாக்கு வாக்குதான். தினமும் பேசவும் செய்தாள். பேச ஒன்றும் இல்லாதபோது மிளகாய் விலையைச் சொன்னாள். மூன்றாவது ஞாயிறு அவளை அறியாமல், "நகந்து நில்லுடா ஓலப்பா" என்று வாயில் வந்துவிட்டது. சொன்னதும் அவளுக்குப் பகீரென்றது.

பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் காலை, கண்மாய்க் கரைக் கருப்பசாமி கோயிலில் பதினோரு கிடாய்கள் நின்றன. மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். மாரிக்கண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, பாம்பை இன்னும் அரை முழம் நீட்டிவிட்டு, அடுப்பு மூட்டச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலிருந்து முதுகு வரை ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், அரிவாள் இறங்கும். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. வெட்டினால் அது வெறும் கறி.

பத்துக் கிடாய்களும் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் சிலுப்பின. ஓலப்பன் முறை வந்தது. பூசாரி அருஞ்சுனை செம்புத் தண்ணீரை ஊற்றினார். ஓலப்பன் கண்ணை மூடிக்கொண்டது.

இன்னொரு செம்பு. அசைவில்லை. ஒரு குடம். தாடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, முகத்தை லேசாகத் தூக்கி, வாயைத் திறந்து காட்டியது.

"என்னடா இது, வாயத் தொறக்குது?"

"சாமிகிட்ட என்னமோ சொல்லுது போலருக்கே."

"காதுல ரெண்டு சொட்டு விடுங்கப்பா. எந்தக் கெடாயும் சிலுப்பிரும்," என்றான் மாரிக்கண்ணன். விட்டார்கள். ஓலப்பன் சுகமாக மற்றக் காதையும் திருப்பிக் காட்டியது.

வீட்டில் ஏதோ குற்றம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாரிக்கண்ணன் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. தன்னை அறியாமல் குனிந்து கணுக்காலைத் தடவினான். முத்துத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். சாமி வேண்டாம் என்று சொன்னால், கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்குமோ?

அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு கைதட்டு, ஒரு ஹோப்லா. கிடாய் சிலுப்பிவிடும், வாக்கு நிறைவேறிவிடும், வேன்காரர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். அவள் கையைக்கூடத் தூக்கிவிட்டாள். ஓலப்பன் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பழம் எங்கே என்று கேட்கிற பார்வை.

தூக்கின கையை அப்படியே கும்பிடாக மாற்றிக்கொண்டாள் முத்துத்தாய்.

"தாயி," என்றார் அருஞ்சுனை, "மனசுல ஏதும் கொற இருக்கா? சாமிகிட்ட எதையும் மறைக்கிறியா?"

"சாமிக்குத் தெரியாம நான் எத மாமா மறைக்க முடியும்?"

வாய் இதைச் சொல்ல, மனசு நேராகக் கருப்பசாமியிடம் வழக்குப் பேசிக்கொண்டிருந்தது. 'கருப்பா, நான் உனக்கு நேந்தது என் கையால வளத்த கெடா. இத நான் மட்டுமா வளத்தேன்? பாதி அவ கையால வளந்தது. தாடி வாரினது அவ, காது தொடச்சது அவ, பேரு வச்சது அவ. பாதிக் கெடாய உனக்குக் குடுத்தா அது மரியாதையா? அடுத்த பங்குனிக்கு முழுசா என் கையால ஒண்ணு வளத்துக் கொண்டாரேன். இவுகள மட்டும் ஒண்ணும் பண்ணிராத.'

அருஞ்சுனை வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் மாலையைச் சரிசெய்து, நெற்றியில் திருநீறு பூசி, "சாமி இதத் தன்கூடவே வச்சுக்கிரச் சொல்லுது. கோயில் கெடாயா விட்டுருங்க," என்று சொல்லிவிட்டார். வேனில் வந்தவர்களுக்கு அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. அவர்களில் ஒருவர் அதைப் பற்றி இன்றுவரை பேசுவதாகக் கேள்வி.

கிடாயை ஓட்டிக்கொண்டு முத்துத்தாயும் ஈஸ்வரியும் கண்மாய்க் கரையோரம் திரும்பினார்கள். பாதி வழியில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஈஸ்வரி நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஓப்ளா!"

கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு. இரண்டு பேர் சேலையும் மஞ்சளாகிவிட்டது.

முத்துத்தாய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "அடிப் பாவி. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பம்புசெட்டுக்குப் பின்னாடிதான மதினி நான் வெறகு பொறக்குவேன்."

"அப்பறம் ஏன்டி அங்க சொல்லல?"

"சாமி என்னய ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல." ஈஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மூஞ்சியத் தட்டுல பாத்தா எறங்குமா எனக்கு?"

அடுத்த பங்குனிக்கு முத்துத்தாய் சொன்னபடி இன்னொரு கிடாய் கொண்டுபோனாள். பெயர் வைக்கவில்லை, குளிப்பாட்டவில்லை, மிளகாய் விலை சொல்லவில்லை. முதல் செம்புக்கே சிலுப்பியது. குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஓலப்பன் கோயில் கிடாயாகி, ஊரை ஆண்டது. எந்தக் காட்டிலும் மேயலாம், எந்த வாசலிலும் நிற்கலாம் என்று சாமியே உத்தரவு கொடுத்துவிட்ட பிறகு அதை யார் கேட்பது? தபால்காரர் சைக்கிள் பையிலிருந்து லோன் நோட்டீஸ்களை அது தின்றபோது மட்டும் ஊரே அதற்கு வெல்லம் கொடுத்தது. ஆனால் அது தின்ற முதல் காகிதம் எல்கா கொடுத்துவிட்டுப் போன தாள். கிடாய் வெட்டுக்கு அடுத்த வாரமே, முகவரியோடு சேர்த்து விழுங்கிவிட்டது.

அதனால் முத்துத்தாயால் எழுத முடியவில்லை. எல்காதான் எழுதுவாள் என்று காத்திருந்தாள். முதல் வருசம் ஒரு பட அட்டை வந்தது. பின்னால் முகவரி இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. பதினாலு மாதம் ஒரே முற்றத்தில் இருந்தவள் எப்படி இப்படி மறந்துபோவாள் என்று முத்துத்தாய்க்கு விளங்கவில்லை. "அவ பூனைக்கு ஒடம்பு சரியில்லையோ என்னமோ," என்பாள் ஈஸ்வரி. முத்துத்தாய் சிரிக்கமாட்டாள். வாக்கைக் காப்பாற்றியதை, அதை வாங்கியவளிடம் சொல்ல முடியாமல் இருப்பது, தவறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருசம் ஐப்பசியில், முதல் மழைக்கு மறுநாள், அந்தக் கடிதம் வந்தது. தபால்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓலப்பனுக்கு எட்டாத தூரத்தில் நின்று நீட்டினார். ஓலப்பனுக்கு அப்போது பத்து வயது தாண்டிவிட்டது. தாடி நரைத்து, இடது பக்கப் பல் இல்லாமல், வாசலில் நீட்டிப் படுத்திருந்தது. எட்டாம் வகுப்பு படித்தவள் என்பதால் ஈஸ்வரிதான் உறையைக் கிழித்து வாசித்தாள். அச்சடித்த மாதிரி அதே தமிழ்.

"அன்புள்ள முத்துத்தாய் அவர்களுக்கு, எல்கா எழுதுவது. இத்தனை ஆண்டுகள் உங்களுக்கு எழுதாமல் இருந்ததற்கு என்னை மன்னியுங்கள். நான் ஊர் திரும்பிய மறு ஆண்டு, உங்கள் பகுதியை அறிந்த ஒருவர் சாமி கிடாய் என்றால் என்ன என்பதை எனக்கு விளக்கினார். உங்கள்மீது எனக்குப் பெரும் கோபம் வந்தது. இப்போது இல்லை. பெயர் தெரியாத ஆடுகளை நான் வாழ்நாள் முழுவதும் உண்டிருக்கிறேன்; ஈஸ்வரி கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஓலாஃப் கடவுளிடம் சென்றான் என்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் கிடாய் உடலை உதறினால் மட்டுமே வெட்டுவார்கள் என்பதை அண்மையில்தான் ஒரு நூலில் படித்தேன். அன்றிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. அசையாமல் நிற்கவும் உதறவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்தச் சொல் இந்த உலகில் என்னையும் உங்களையும் தவிர எவருக்கும் தெரியாது. முத்துத்தாய், நீங்கள் வாக்குத் தவறாதவர் என்று ஊரே சொல்லும். ஆகவே உண்மையை மட்டும் எழுதுங்கள்: அன்று நீங்கள் அதைச் சொன்னீர்களா?"